எல்ம் என்ற நிரல்மொழியில் எழுதிய வலைச்செயலி ஓடும்போது உடைவது அரிது என்கிறார்களே, எப்படி?

முக்கியக் காரணம், எவான் சாப்லிக்கி 2012-இல் வெளியிட்ட இந்த மொழியில் 'நல்' (null, அதாவது 'மதிப்பு இல்லை' என்ற குறி) என்பதே கிடையாது. ஒரு பட்டியலின் முதல் உறுப்பைக் கேட்டால் மதிப்பு நேராக வராது. 'மேபி' என்ற உறைக்குள்தான் வரும். இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று இரண்டுக்கும் வழி எழுதாதவரை கம்பைலர், அதாவது நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கருவி, விடவே விடாது. பயனரின் திரையில் வெடித்திருக்க வேண்டிய பிழை உங்கள் மேசையிலேயே பிடிபட்டுவிடும். பொறியியல் என்று நான் மதிப்பது இதைத்தான்.

அப்புறம், ஃபங்ஷன்கள் எல்லாம் தூய்மையானவை: ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை, வெளியே எதையும் மாற்றாது. சர்வரிடம் தரவு கேட்பதைக்கூட நீங்கள் செய்வதில்லை. 'இதைச் செய்' என்ற கட்டளையை மதிப்பாகத் திருப்பித் தருகிறீர்கள், நிரலை இயக்கும் எல்மின் ரன்டைம் அதை நிறைவேற்றும். செயலியின் நிலை மாறுவது 'அப்டேட்' ஃபங்ஷன் வழியாக மட்டுமே. அதனால் பிரவுசரே இல்லாமல் அதைச் சோதிக்கலாம். வலைத்திரைகளைக் கட்டும் ரியாக்ட் உலகில், செயலியின் நிலையைக் கையாளும் ரெடக்ஸ் என்ற நூலகம் 2015-இல் இந்த அமைப்பிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டது.

ஆனாலும் ஒரு ஃபங்ஷன் தன்னைத்தானே அழைத்துக்கொண்டே போகும் முடிவில்லாத ரிகர்ஷன் எல்மையும் கவிழ்க்கும். சர்வரிலிருந்து ஜேசான் வடிவில் வரும் தரவைச் சரிபார்த்து எல்ம் மதிப்பாக மாற்றும் டீகோடர் எழுதுவது அலுப்பான வேலைதான், ஆனால் சர்வர் தப்பான தரவு அனுப்பும்போது காப்பாற்றுவது அதுவே.