பழைய ரேடியோ கன்ட்ரோல் டாங்கி: ஓட வையுங்கள், புதுசாக்காதீர்கள்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாமா இறந்த பிறகு அவருடைய பெட்டியில் 1970களில் வாங்கிய 1/16 அளவு ரேடியோ கன்ட்ரோல் டாங்கி கிடைத்தது. ஒரு பக்க ட்ராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை) அறுந்திருக்கிறது, பேட்டரி அறையில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கிறது. ரிமோட், கசங்கிய அட்டைப்பெட்டி, செய்முறைப் புத்தகம் எல்லாம் இருக்கின்றன. ஒருவர் 'முழுசா புதுசாக்கித் தருகிறேன், உள்ளே இருக்கும் பழைய சாமானை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்' என்கிறார். இன்னொருவர் 'இது குப்பை, இருக்கிறபடியே கொடுங்கள்' என்கிறார். செலவு செய்து புதுப்பிக்கலாமா?"

நேராகச் சொல்லிவிடுகிறேன். ஓட வைக்கலாம், புதுசாக்க வேண்டாம். இந்த இரண்டு பேருக்கும் இப்போதைக்கு எதையும் கொடுக்க வேண்டாம். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் அந்தப் பேட்டரியை இன்றைக்கே வெளியே எடுங்கள்.

'பழைய பொருளைத் தொடாமல் வைத்திரு' என்று நானே எல்லாரிடமும் சொல்கிறவன். கசிந்த பேட்டரிக்கு மட்டும் அது பொருந்தாது. அந்தக் காலத்து நிக்கல் காட்மியம் பேட்டரிக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கடும் காரம். அது பொடியாகி நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். வயரின் உறைக்குள்ளேயே ஊர்ந்து போய் உள்ளே இருக்கும் செம்பைக் கறுப்பாக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வயர் நன்றாகவே இருக்கும், பிளேடால் ஒரு அங்குலம் உறையைச் சீவிப் பாருங்கள், செம்பு கரி நிறத்தில் இருந்தால் அதில் சால்டர் ஒட்டாது. பளபளப்பான செம்பு தெரியும் இடம்வரை வெட்டித் தள்ள வேண்டும், கடைசிவரை கறுப்பென்றால் வயரையே மாற்ற வேண்டும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, காதுக் குச்சியை வினிகரில் நனைத்துப் பொடியைத் துடையுங்கள், நுரை வரலாம், வந்தால் காரம் முறிகிறது. அப்புறம் தண்ணீர் தொட்டு ஒருமுறை, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு ஒருமுறை துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ரிமோட்டின் பின்மூடியையும் திறந்து பாருங்கள், அதில் வரிசையாகப் பென்சில் செல்கள் இருக்கும், அவையும் கசிந்திருக்கக்கூடும். கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள், காட்மியம் விஷம், பழைய பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. 'அசல் பேட்டரி இருந்தால்தான் மதிப்பு' என்று யாரோ சொன்னதை நம்பி, கசியும் பேட்டரியை அப்படியே உள்ளே வைத்து, அருமையான டாங்கிகளின் அடித்தளத்தையே அரிக்க விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அசல் பேட்டரிக்காக யாரும் கூடுதலாக ஒரு காசும் தரமாட்டார்கள்.

ட்ராக்கையும் கழற்றித் தனியாக ஒரு பாலிதீன் பையில் போடுங்கள். மெத்தென்று வளையும் வினைல் ட்ராக்கில் சேர்த்திருக்கும் மென்மையாக்கி வருடக்கணக்கில் மெல்லக் கசிந்து, அது தொடும் பிளாஸ்டிக் சக்கரத்தைக் கரைத்துக் குழியாக்கிவிடும். அறுந்த ட்ராக்கைச் சரிசெய்யலாம், கரைந்த சக்கரத்துக்கு மாற்றுத் தேடுவது பெரும்பாடு.

இப்போது அந்த 'புதுசாக்கித் தருகிறேன்' ஆசாமி. 'பழைய சாமானை நான் எடுத்துக்கொள்கிறேன்' என்றாரே, அவருடைய லாபமே அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. அசல் கியர்பாக்ஸ், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் அசல் ரிசீவர், அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிரிஸ்டல் ஜோடி, எண் போட்ட சிறு பாகங்கள், இவற்றைத் தனித்தனியாகத் தேடி வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். டமியா என்ற ஜப்பானிய மாடல் கம்பெனியின் முதல் ரேடியோ கன்ட்ரோல் மாடலே 1974இல் வந்த 1/16 ஷெர்மன் டாங்கிதான், அந்தக் காலத்துச் சாமானுக்கு எவ்வளவு தேடல் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருமுறை என்னிடம் 'முழுமையாக ரெஸ்டோர் செய்தது' என்று ஒரு டாங்கி வந்தது. வெளியே பெயின்ட் அட்டகாசம். திருப்பிப் போட்டேன், அடித்தட்டில் இருந்த ஒவ்வொரு திருகின் தலையும் சிதைந்திருந்தது. திறந்தால், உள்ளே இருக்க வேண்டிய உலோகக் கியர்பாக்ஸ் இல்லை, ஒரு மலிவான பிளாஸ்டிக் கியர்பாக்ஸ், அதை உட்கார வைக்க அடித்தட்டில் புதிதாக நாலு துளை. உரிமையாளர் அந்த வேலைக்குக் காசும் கொடுத்து, அசலையும் கொடுத்திருந்தார். அந்தத் துளைகளை இனி யாராலும் இல்லாமல் ஆக்க முடியாது.

திருகு என்றதும் இன்னொன்று. ஜப்பான் தயாரிப்புகளில் இருப்பது பார்வைக்குச் சாதாரண பிளஸ் திருகுதான், ஆனால் ஜேஐஎஸ் என்ற ஜப்பானிய அளவு. பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் நழுவித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் முனை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது திருகை முதலில் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள், 'டிக்' என்று ஒரு சின்ன இறக்கம் கையில் தெரியும், அதுதான் பழைய மரை. அங்கிருந்து முன்னால் திருகினால் பிளாஸ்டிக்கில் புது மரை வெட்டாது. இதைச் செய்யப் பொறுமை இல்லாதவரிடம் உங்கள் டாங்கியைக் கொடுக்காதீர்கள்.

சரி, ஓடுமா ஓடாதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ரேடியோவை மறந்துவிடுங்கள். மோட்டாரின் இரண்டு வயரையும் பிரித்து, இரண்டு பென்சில் செல்லை, அதாவது 3 வோல்ட்டை, நேரடியாகக் கொடுங்கள். சுற்றினால் பாதி வேலை முடிந்தது. மோட்டார் உறுமிக்கொண்டு நின்றால் பெரும்பாலும் மோட்டாரில் கோளாறு இருக்காது, கியரில் பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகியிருக்கும், துடைத்துப் புதிது போட்டால் போதும். மோட்டார் மட்டும் சுற்றி ட்ராக் சக்கரம் சுற்றவில்லை என்றால் தண்டில் அழுத்திப் பொருத்திய பிளாஸ்டிக் கியர் வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், மயிரிழை போல ஒரு கோடு தெரியும். செலவு கூடுவது இந்த ஒரு இடத்தில்தான். கியர் நன்றாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓட வைக்கலாம்.

ரேடியோவில் எதையும் வெட்ட வேண்டாம். பழைய செட்டுகள் பெரும்பாலும் 27 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்பவை, ரிமோட்டிலும் ரிசீவரிலும் ஆளுக்கொரு கிரிஸ்டல் இருக்கும், இரண்டும் ஜோடி, பொதுவாக 455 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம் இருக்கும்படி செய்தவை, இடம் மாற்றிப் போட்டால் வேலை செய்யாது. அது வேலை செய்யவில்லையென்றால் முழு செட்டையும் பத்திரமாகப் பெட்டியில் வைத்துவிட்டு, சாதாரண 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். என்றைக்கு வேண்டுமானாலும் பழையதைத் திரும்ப மாட்ட முடியவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

புது பேட்டரி வாங்கப் போனால் கடையில் லித்தியம் பாலிமரைத்தான் கையில் திணிப்பார்கள். வேண்டாம். உங்கள் டாங்கியில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பழைய ஸ்பீடு கன்ட்ரோலுக்கு மின்னழுத்தம் குறைந்தால் நிறுத்தத் தெரியாது, லித்தியம் செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். அதை பழைய நிக்கல் காட்மியம் சார்ஜரில் மாட்டினால் தீயே பிடிக்கலாம். பழைய பேட்டரியின் அதே வோல்ட்டில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்று கேட்டு வாங்குங்கள், அதற்கேற்ற சார்ஜரோடு. இதைச் சொல்லாமல் விற்கிறவர்களை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. தயாரிப்பாளர்கள் மட்டும் என்ன, சில வருடத்தில் ஒரு மாடலுக்கு உதிரி பாகத்தை நிறுத்திவிட்டு, பிறகு அதே டாங்கியைப் புதுப் பெட்டியில் மறுவெளியீடு செய்கிறார்கள். ஒரே ஒரு சின்னக் கியருக்காக முழுப் பெட்டியையும் வாங்கு என்கிறார்கள். இடைத்தரகர்கள் பிழைப்பதே இதனால்தான்.

பெயின்டைத் தொடாதீர்கள். மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். அசிட்டோன், தின்னர் பக்கமே போகக்கூடாது, பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் கரைந்துபோகும். மாமா கையால் அடித்த பெயின்ட் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அது அப்படியே இருக்கட்டும்.

இதற்கு மேல் ஒருவரிடம் வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்றால், திறப்பதற்கு முன் உள்ளும் புறமும் படம் எடுத்து, 'கழற்றும் எந்தப் பாகமும் உடைந்ததானாலும் திருப்பித் தரப்படும், புதிதாகத் துளை போடக்கூடாது' என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்த முதல் ஆளிடமே இதைக் கேட்டுப் பாருங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால் டாங்கியைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். குப்பை என்று சொன்னவரிடம், குப்பையை ஏன் வாங்க வருகிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.