நான்கு வயது மகனைக் கால்பந்து ஆட்டத்துக்கு நேரில் அழைத்துப் போகலாமா?

"மகனுக்கு நான்கு வயது. பந்து என்றால் உயிர். ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போகலாமா, இன்னும் கொஞ்சம் வளரட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் டிக்கெட் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்று தோன்றுகிறது. வீட்டில் யாரோ ஒருவர் "இந்த வயசுல எதுக்கு?" என்று முகத்தைச் சுளித்திருப்பார். நாலு பேர் "தாராளமாகப் போங்கள்" என்று எழுதினால் அவரிடம் காட்டலாம் என்று பார்க்கிறீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏழு வருடத்துக்கு முன்னால் நானும் இதே நிலைமையில்தான் இருந்தேன். என்ன, நான் யாரையும் கேட்கவில்லை.

போகலாம். ஆனால் நீங்கள் ஆட்டம் பார்க்கப் போகிறீர்களா, பிள்ளைக்கு ஸ்டேடியத்தைக் காட்டப் போகிறீர்களா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டும் நடக்காது. எனக்கு இது தெரிய வந்த கதையைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் கால்பந்துப் பைத்தியம் நான்தான். என் கணவருக்கு இன்றுவரை ஆஃப்சைடு விதி புரியாது, புரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. மகன் பிறந்த பிறகு நான்கு வருடம் ஸ்டேடியம் பக்கமே போகவில்லை. அந்த ஏக்கத்தில், அவனுக்கு நான்கு வயது முடிந்த மாதம், இரண்டு டிக்கெட் வாங்கினேன். இரவு ஆட்டம். பரம வைரிகளான இரண்டு அணிகள். இடம் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால், ஏனென்றால் கல்யாணத்துக்கு முன்னால் நான் எப்போதும் உட்கார்ந்த பக்கம் அதுதான். இதில் எத்தனை தப்பு என்று இப்போது என்னால் விரல் விட்டு எண்ண முடியும். அன்றைக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை.

இரண்டு வரிசை பின்னால் டிரம் கோஷ்டி. ஆட்டம் தொடங்கிய பன்னிரண்டாவது நிமிடம் மகன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அம்மா, வீட்டுக்குப் போலாமா?" என்றான். "இதோ முடிஞ்சிரும் கண்ணா" என்றேன். பெரிய ஸ்கோர் போர்டில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, இடைவேளைக்கே இன்னும் 33 நிமிடம் இருந்தது. அவனுக்கு மணி பார்க்கத் தெரியாது என்கிற தைரியம்.

இருபதாவது நிமிடம் வாக்கில் கோல். கார்னரில் இருந்து வந்த பந்தைத் தலையால் முட்டினார்கள், அழகான கோல், இப்போதும் கண்ணில் நிற்கிறது. மொத்த கேலரியும் எழுந்து குதித்தது. நானும் குதித்தேன். குதித்தபோது அவன் கையை விட்டுவிட்டேன்.

இரண்டு மூன்று விநாடிதான் இருக்கும். குனிந்து பார்த்தால் இருக்கையில் ஆளைக் காணோம். ஈரக்குலை நடுங்கிவிட்டது. இருக்கைக்கு அடியில் இருந்தான். முழங்காலில் முகவாயை வைத்துச் சுருண்டு உட்கார்ந்து, முன் வரிசை இருக்கையில் ஒட்டியிருந்த எண் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். அழவில்லை. அழுதிருந்தால் உடனே தூக்கிக்கொண்டு வெளியே ஓடியிருப்பேன். அழாததால், மடியில் உட்கார வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் அவன் காதைப் பொத்திக்கொண்டு, அவன் தலைக்கு மேலாக இடைவேளை வரை ஆட்டத்தைப் பார்த்தேன். ஆமாம், பார்த்தேன். எழுந்தபோது அந்த ஸ்டிக்கரில் 14 என்று இருந்ததில் 4 மட்டும்தான் மிச்சம்.

"நீயெல்லாம் ஒரு தாயா?" என்று கீழே எழுத வருகிறவர்கள் தயவுசெய்து வரிசையில் வாருங்கள். எனக்கு நானே கேட்டு முடித்துவிட்டேன், உங்களுக்கு அதிகம் மிச்சம் இல்லை.

வீட்டுக்கு வந்து படுக்கும்போது அவன் கேட்டது ஒன்றுதான்: "அவங்கல்லாம் ஏம்மா சண்டை போட்டாங்க?" நாலு வயதுப் பிள்ளையின் உயரத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். சுற்றிலும் பெரியவர்களின் முதுகு, திடீரென்று எல்லோரும் கத்துகிறார்கள், ஒருவரை ஒருவர் பிடித்து உலுக்குகிறார்கள். நமக்கு அது கொண்டாட்டம், அவன் கண்ணுக்கு அடிதடி. அதற்கப்புறம் ஐந்தாறு மாதம், யாருடைய பிறந்தநாளிலாவது எல்லோரும் சேர்ந்து கை தட்டினால்கூடக் காதைப் பொத்திக்கொள்வான்.

அன்றைக்கு ராத்திரிதான் சத்தத்தைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் என்ற அரசு அமைப்பு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். மூன்று டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகிவிடும். அப்படிக் குறைந்துகொண்டே வந்தால் 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். இது வேலை செய்யும் பெரியவர்களுக்குப் போட்ட கணக்கு, குழந்தைக்கு அல்ல. 2011இல் இஸ்தான்புல்லில் கலாட்டாசராய் என்ற கால்பந்து அணியின் ரசிகர்கள் 131.76 டெசிபல் வரை கத்தி உலக சாதனையே படைத்தார்கள். எல்லா ஆட்டமும் அப்படி இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிரம்முக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்தால் உங்கள் பிள்ளையின் காதுக்கு ஸ்டேடியத்தின் சராசரியால் என்ன பிரயோஜனம்?

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லாதது, வேண்டாம் என்றால் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

அன்றைக்கு எங்களுக்கு அடுத்த வரிசையில் ஒரு அப்பா, மூன்று வயது கூட இருக்காது, ஒரு பெண் குழந்தையைத் தோளில் உட்கார வைத்திருந்தார். அதுவும் அழுதுகொண்டுதான் இருந்தது. சுற்றி இருந்தவர்கள் அவருக்கு இடம் விட்டார்கள், குழந்தைக்கு வேடிக்கை காட்டினார்கள், ஒருவர் "சூப்பர் அப்பா சார் நீங்க" என்று தோளில் தட்டினார். நான் இடைவேளையில் மகனைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது பின்னால் கேட்டது: "குழந்தைய வச்சுக்கிட்டு இந்தம்மாவுக்கு மேட்ச் ஒரு கேடு." அதே ஸ்டேடியம், அதே இரவு. வீட்டிலும் இதே கதைதான். என் நாத்தனார் அதை இன்னும் விடவில்லை, ஏதாவது விசேஷம் என்றால் ஒரு தடவையாவது எடுத்துவிடுவார். என் கணவர் அதே பையனைக் கடைத்தெருவில் அரை மணி நேரம் தொலைத்தாரே, அது மட்டும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை.

இப்படிப் பேசுகிறவர்களுக்காகவே நான் ஒரு தகவலைக் கையில் வைத்திருக்கிறேன். 2011 செப்டம்பரில் துருக்கியின் ஃபெனர்பாச்சே அணிக்கு, ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிக் கலாட்டா செய்ததற்காகத் தண்டனை கொடுத்தார்கள். ஆளில்லாத மைதானத்தில் ஆட வைப்பதற்குப் பதிலாக, பெண்களையும் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் மட்டும் இலவசமாக உள்ளே விட்டார்கள். மனிசாஸ்போர் அணியுடன் நடந்த அந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் 41,000 பேருக்கும் மேல். எதிரணி மைதானத்துக்குள் வந்தபோது அவர்களுக்கும் கை தட்டினார்கள். ஆட்டம் 1-1. அந்த 41,000 பேரில் யாரும் யாரையும் "உனக்கு மேட்ச் ஒரு கேடு" என்று சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மகளுக்கு ஐந்து வயதானபோது அவளாகக் கேட்டாள். இந்தத் தடவை எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். பகல் ஆட்டம். கீழ்நிலை லீக்கில் பெண்கள் ஆட்டம், சில நூறு பேர்தான் கூட்டம். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில், நடைபாதையை ஒட்டிய ஓர இருக்கை. ஹெட்போன் மாதிரி இருக்கும் காதுக் கவசத்தை ஒரு வாரம் முன்பே வாங்கி, வீட்டிலேயே போட்டு விளையாட விட்டேன். அன்றைக்குப் புதிதாக மாட்டினால் ஐந்து நிமிடத்தில் பிடுங்கி எறிந்துவிடுவார்கள்.

அவள் என்ன பார்த்தாள் தெரியுமா? பந்தை இல்லை. முதல் பாதி முழுக்க எங்களுக்கு முன்னால் கோட்டோரமாக ஓடிய லைன்ஸ்மேனை, அதாவது துணை நடுவரைப் பார்த்தாள். "அந்த அங்கிள் மட்டும் ஏம்மா நண்டு மாதிரி ஓடறாரு?" நிஜமாகவே அவர் பக்கவாட்டில்தான் ஓடுகிறார். கடைசித் தடுப்பாட்டக்காரரின் நேர்கோட்டிலேயே இருக்க வேண்டும், கண் மைதானத்தை விட்டுப் போகக் கூடாது. இருபது வருடமாக ஆட்டம் பார்க்கிறேன், அதை நண்டாக நான் பார்த்ததே இல்லை. பிறகு மாற்று ஆட்டக்காரர்கள் எங்கள் பக்கம் வந்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டார்கள். அவர்கள் முழங்காலைத் தூக்கித் தூக்கிக் குதித்தார்கள், இவளும் நடைபாதையில் நின்று குதித்தாள். அவர்களில் ஒரு பெண் இவளைப் பார்த்துக் கையை அசைத்தாள். அதற்குப் பிறகு ஆட்டத்தில் என்ன நடந்தாலும் என் மகளுக்குக் கவலை இல்லை.

எழுபதாவது நிமிடத்தில் "போலாம்" என்றாள். ஸ்கோர் 1-1. எனக்குக் கால் நகரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் எழுந்தேன். வாசலைத் தாண்டி நடந்துகொண்டிருக்கும்போது சுவருக்குப் பின்னால் இருந்து அந்தச் சத்தம் வந்தது. மகள் கவசத்தைக் கழற்றிவிட்டு, "கோல்மா!" என்று நின்ற இடத்திலேயே குதித்தாள். யார் போட்டது என்று வீட்டுக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன்.

எனவே வயது என்ன என்பதைவிட, பிள்ளை "போலாம்" என்றதும் உங்களால் எழுந்து வர முடியுமா என்று பாருங்கள். 90 நிமிடத்துடன் 15 நிமிட இடைவேளை என்று கணக்குப் போடாதீர்கள். 2022 உலகக் கோப்பையில் இங்கிலாந்து ஈரான் ஆட்டத்தின் முதல் பாதிக்கு மட்டும், ஆட்டம் தடைப்பட்ட நேரத்துக்கு ஈடாக, 14 நிமிடம் சேர்த்துக் கொடுத்தார்கள். அரை மணி நேரம் முன்னால் உள்ளே போய், முடிந்த பிறகு கூட்டத்தில் நகர்ந்து வெளியே வருவதையும் கூட்டினால் மூன்று மணி நேரத்தைத் தொடும். நாலு வயதுக்கு அது ஒரு யுகம்.

வாசலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்த அல்ல. 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் ஸ்டேடியத்தில், போலீஸ் கண்ணீர்ப் புகை வீசியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசல்களை நோக்கி ஓடி, 135 பேர் இறந்தார்கள். அதில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். இது தினமும் நடப்பதில்லை. ஆனாலும் உட்காருவதற்கு முன்னால் வெளியே போகும் வழி எது என்று பார்த்துவிடுவேன், கடைசி விசிலுக்குப் பத்து நிமிடம் முன்பே பிள்ளைகளோடு கிளம்பிவிடுவேன். பிள்ளையின் கையில் என் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுவேன். என் நாத்தனார் இதற்கும் சிரிப்பார், சிரிக்கட்டும்.

மகனுக்கு இப்போது பதினொன்று. டிவியில் எல்லா ஆட்டமும் பார்க்கிறான், சத்தத்தை மட்டும் பாதியாகக் குறைத்துவிடுவான். அந்த இரவு அவனுக்கு ஞாபகமே இல்லை என்கிறான். ஸ்டேடியத்துக்கு வருகிறாயா என்று வருடத்துக்கு ஒரு தடவை கேட்பேன். "அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்பான்.

பின்குறிப்பு: காதில் செருகும் பஞ்சு உருண்டை போதாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், சரியாகப் பொருந்தாது, பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வார்கள். காதை முழுதாக மூடும் கவசமாக வாங்குங்கள், எத்தனை டெசிபல் குறைக்கும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் டிக்கெட் எடுத்திருந்தால், பக்கவாட்டு கேலரிக்கு மாற்றித் தருவார்களா என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.