ஒரு ‘ங்க’ போட்டால் போலீஸ் குறைந்தா போய்விடும்?

கேள்வி: போலீஸைக் கண்டால் பயம் இருக்க வேண்டும். கையை உடைத்து மாவுக்கட்டுப் போட்டால்தான் ரவுடிகள் அடங்குவார்கள். போன இதழில் யாரோ ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சியாளரை இழுத்து, போலீஸ் மரியாதையாக நடத்தினால் ஜனங்கள் தானாகவே சட்டத்துக்குக் கட்டுப்படுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதியதெல்லாம் நம்ம ஊருக்குச் சரிப்படுமா? (ஸ்டேசன் விவகாரம் என்பதால் என் பெயரைப் போட வேண்டாம்.)
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: சரிங்க, பயம் இருக்கட்டும். யாருக்கு?

ரவுடிக்கு ஸ்டேசன் மாமியார் வீடு. எந்த ஏட்டு எப்போது டூட்டி மாறுவார், எந்த வக்கீலைப் பிடித்தால் எத்தனை நாளில் ஜாமீன் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஸ்டேசன் வாசலில் கால் நடுங்குவது செயினைப் பறிகொடுத்த அக்காவுக்கும், சீட்டுப் பணம் போட்டு ஏமாந்த டீக்கடைக்காரருக்கும், பனியன் கம்பெனியில் இரண்டு மாதச் சம்பளம் வராத ஒடிசாப் பையனுக்கும்தான். நீங்கள் கேட்கிற பயம் ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது, விலாசம் தப்பிப் போய்ச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த மாவுக்கட்டு. பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்கிறார்கள். இத்தனை வருஷமாக இத்தனை பேர் விழுந்தும் ஒரு ஸ்டேசனிலாவது சொரசொரப்பான டைல்ஸ் போட யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள். வாட்ஸப்பில் அந்தப் படத்தைப் பார்த்து நாம் கைதட்டுகிறோம், ஆனால் அப்படி அடித்து வாங்கிய வாக்குமூலத்துக்குக் கோர்ட்டில் காலணா மதிப்பில்லை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லாது என்று 1872-லேயே சாட்சியச் சட்டத்தில் எழுதி வைத்துவிட்டான் வெள்ளைக்காரன். அவன் ஒன்றும் கருணை வள்ளல் இல்லை. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்கும் விசாரணைக்கும் ஆட்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று விசாரித்த கமிஷன் 1855-ல் கொடுத்த அறிக்கை நாறியது, அதற்குப் பிறகு 1859-ல்தான் சட்டம் போட்டு நம் போலீஸையே புதிதாக அமைத்தான். அடித்து உண்மையை வாங்கலாம் என்பது நம்ம ஊரில் பார்த்துச் சலித்த வைத்தியம்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பாருங்கள். சத்தியமங்கலம் மலையில் வீரப்பனைத் தேடிய வருஷங்களில் பயத்துக்கு என்ன குறைச்சல்? அதிரடிப்படை மலைக் கிராமத்து ஜனங்களை நடத்திய விதத்தை நீதிபதி சதாசிவா குழு விசாரித்து, கடைசியில் 2007-ல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. வீரப்பனை முடித்ததோ 2004-ல் பாப்பாரப்பட்டி பக்கம் ஆம்புலன்ஸில் ஏற்றி வரவழைத்த உளவு வேலை.

ஏசி ரூம் விஷயத்துக்கு வருகிறேன். நான் எழுதியது டாம் டைலர் பற்றி. படிப்பால் அவர் சமூக உளவியலாளர், ஆனால் குற்றவியல் படிக்கிறவர்கள் இன்றும் அவரைத் தொடாமல் நகர முடியாது. 1984-ல் சிகாகோவில் 1,575 பேரிடம் ஃபோனில் பேட்டி எடுத்து, அவர்களில் 804 பேரை ஒரு வருஷம் கழித்து மறுபடி பிடித்துக் கேட்டு, அதை வைத்து 1990-ல் புத்தகம் போட்டார். ஜனங்கள் சட்டத்துக்குக் கட்டுப்படுவது மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தைவிட, சொல்கிறவருக்குச் சொல்ல உரிமை இருக்கிறது என்ற நம்பிக்கையால்தான் என்பது அதன் சாரம். அந்த நம்பிக்கையும் கேஸ் நமக்குச் சாதகமாக முடிந்ததா என்பதைவிட, நம் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார்களா, ஆள் பார்க்காமல் நடத்தினார்களா, மனுஷனாக மதித்தார்களா என்பதில்தான் அதிகம் தொங்குகிறதாம்.

இதைப் படித்தபோது எனக்குச் சிகாகோ ஞாபகம் வரவில்லை, என் பர்ஸ் ஞாபகம் வந்தது. பல வருஷம் முன்னால் பஸ்ஸில் பறிகொடுத்தேன். போன முதல் ஸ்டேசனில் ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்து, “எல்லை எங்களுது இல்ல, அங்க போ” என்று விரட்டினார்கள். (இப்போது அப்படி விரட்டக் கூடாது. எந்த ஸ்டேசனிலும் புகாரைப் பதிய வேண்டும் என்று 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்திலேயே இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.) அடுத்த ஸ்டேசனில் ஓர் ஏட்டு, “உக்காருங்க, எந்த பஸ்ஸுங்க?” என்று ஆரம்பித்து, முழுதாகக் கேட்டுவிட்டு, “பணம் வராதுங்க, லைசென்ஸ் எடுக்க இந்த சிஎஸ்ஆர் காப்பி உதவும்” என்று புகார் ரசீதைக் கொடுத்து உள்ளதைச் சொன்னார். பர்ஸ் கிடைக்கவேயில்லை. ஆனால் இரண்டு வருஷம் கழித்து எங்கள் வீதியில் நடந்த விபத்துக்கு மகஜர் சாட்சிக் கையெழுத்துக் கேட்டு அதே ஏட்டு வந்தபோது போட்டேன், கோர்ட்டுக்கும் இரண்டு முறை அலைந்தேன். முதல் ஸ்டேசனிலிருந்து வந்திருந்தால் பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்கு ஓடியிருப்பேன்.

மாட்டுக்கும் ‘ங்க’ போடுகிற ஊர் என்று நம்மைக் கிண்டல் செய்வார்கள். அந்த ‘ங்க’ ஸ்டேசன் படியேறியதும் எங்கே போகிறது? காரில் வந்தால் இருக்கிறது, வெள்ளை வேட்டிக்கு இருக்கிறது, சாதி தெரிந்த பிறகு சிலருக்குக் கூடவே கிடைக்கிறது. அதைத்தான் டைலர் ஆள் பார்ப்பது என்கிறார்.

இதெல்லாம் மந்திரம் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் குடித்துவிட்டு ஓட்டுகிறார்களா என்று வண்டியை மறித்துச் சோதிக்கும் இடத்தில், ஏன் நிறுத்தினோம் என்று விளக்கி, கருத்துக் கேட்டு, நன்றி சொல்லி அனுப்பச் சொன்னார்கள். ஓட்டுநர்களுக்குப் போலீஸ் மேல் நல்ல எண்ணம் கூடியது. அதையே ஸ்காட்லாந்தில் செய்தபோது தலைகீழாகப் போய்விட்டது! ஏன் என்று தோண்டினால், மேலே இருந்து திணித்த வேலை என்று போலீஸ்காரர்களே கடுப்பில் இருந்திருக்கிறார்கள். நம் கதையும் அதுதானே? போலீஸ்காரரை அதிகாரி வீட்டு வேலைக்கு வைக்கிற ஆர்டர்லி முறையை 1979-லேயே காகிதத்தில் ஒழித்தாயிற்று, ஆனாலும் 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதைப் பற்றிக் காட்டமாகக் கேட்க வேண்டியிருந்தது. அதிகாரி வீட்டு நாயைக் குளிப்பாட்டிவிட்டு வருகிற கான்ஸ்டபிள் உங்களுக்கு ‘ங்க’ போடுவாரா?

கானாவில் ஆராய்ந்த ஜஸ்டிஸ் டாங்கெபே (பேரே அப்படி, நீதிபதி இல்லை) அங்கே மரியாதையைவிடத் திருடனைப் பிடிக்கிறார்களா என்பதைத்தான் ஜனங்கள் அதிகம் பார்க்கிறார்கள் என்று கண்டார். இது உங்கள் கட்சிக்குப் பலம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிடிப்பது எப்படி? 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்தில் மூன்று பேர், 2025 ஏப்ரல் கடைசியில் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் வயதான தம்பதி என்று கொலைகள் நடந்தன. தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) தனியாக இருக்கிற அப்புச்சி, அம்மாயிகளுக்கு அதற்கப்புறம் சரியான தூக்கமில்லை. ரோந்து வண்டி ராத்திரி முழுக்க ஒரு சாளை வாசலில் நிற்க முடியாது. புது முகம் சுற்றுவது தேங்காய் பறிக்க வருகிறவருக்கும், பால்காரருக்கும், பக்கத்து மில் குவார்ட்டர்ஸ் பையனுக்கும்தான் முதலில் கண்ணில் படும். சொல்லப் போனவனையே சந்தேகக் கேஸில் உட்கார வைத்துவிடுவார்கள் என்றால் எவன் வாயைத் திறப்பான்?

கடைசியாக ஒன்று. போலீஸை ஆதரித்துத்தான் எழுதியிருக்கிறீர்கள், அதற்கே பெயரைப் போட வேண்டாம் என்கிறீர்கள். போடவில்லைங்க.