கரண்ட் வைக்கும் நாட்களில் அப்பாவுக்கு என்ன கொடுப்பது?

"என் அப்பாவுக்கு 69 வயது. புராஸ்டேட் புற்றுநோய்க்காக 20 நாள் ரேடியேஷன், அதாவது கரண்ட் வைக்க, எழுதியிருக்கிறார்கள். 9 நாள் முடிந்துவிட்டது. மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். இந்த வாரம் தினமும் நான்கைந்து முறை வயிற்றால் போகிறது. சிறுநீர் போகும்போது எரிகிறது, இரவில் ஐந்தாறு முறை எழுந்திருக்கிறார். மருத்துவமனை வாசலில் ஒருவர் புரோட்டீன் பவுடரும் முள் சீத்தா இலைப் பொடியும் வாங்கச் சொல்கிறார். பால், பருப்பு, கீரை, முட்டை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார்கள் உறவினர்கள். அப்பாவுக்கு என்னதான் கொடுப்பது? அவர் பேரக் குழந்தையைத் தூக்கலாமா?" என்று மன்னார்குடி வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தாராளமாகத் தூக்கலாம். இயந்திரத்தை நிறுத்தியதும் கதிரும் நின்றுவிடும். அப்பாவின் உடம்பில் எதுவும் தங்காது. அவருடைய தட்டையும் துண்டையும் தனியாக வைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கும். அந்தத் தவறைச் செய்துவிடாதீர்கள்.

இனி வயிறு. புராஸ்டேட் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுள்ள சுரப்பி. அதற்கு மேலே சிறுநீர்ப்பை, பின்னாலேயே மலக்குடல். எவ்வளவு குறிபார்த்துப் பாய்ச்சினாலும் இந்த இரண்டின் ஓரத்திலும் கொஞ்சம் கதிர் படத்தான் செய்யும். பட்ட இடத்தில் உள்தோல் புண்ணாகும். அதனால்தான் எரிச்சல், அடிக்கடி போவது, சளிபோல மலம், போய்விட்டு வந்த பிறகும் இன்னும் இருப்பது போன்ற உணர்வு எல்லாம் வருகின்றன. இவை இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தொடங்கும். சிகிச்சை முடியும் சமயத்திலும் முடிந்து ஓரிரு வாரங்கள் வரையிலும் அதிகமாக இருக்கும். பிறகு பெரும்பாலோருக்கு நான்கு முதல் ஆறு வாரங்களில் அடங்கிவிடும். உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது எதிர்பார்த்த நேரத்தில் எதிர்பார்த்த தொல்லைதான். நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை.

சாப்பாட்டை விட முக்கியமான ஒன்று இருக்கிறது. யாரும் அதைப் பொறுமையாகச் சொல்வதில்லை. சிகிச்சை தொடங்கும் முன் ஒரு சிடி ஸ்கேன் எடுத்தார்கள் அல்லவா? அன்று சிறுநீர்ப்பை எவ்வளவு நிறைந்திருந்ததோ, மலக்குடல் எப்படிக் காலியாக இருந்ததோ, அதை வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். தினமும் அதே நிலையில் போய்ப் படுக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அதன் பெரும்பகுதியும் குடலும் கதிரின் பாதையிலிருந்து விலகியிருக்கும். மலக்குடலில் வாயு இருந்தால் அது புராஸ்டேட்டை முன்னால் தள்ளிவிடும், குறி மாறிவிடும்.

என்னிடம் வந்த ஒரு பெரியவரை மூன்று நாள் தொடர்ந்து மேசையிலிருந்து இறக்கிவிட்டார்கள். சிகிச்சைக்கு முன் எடுக்கும் படத்தில் மலக்குடல் முழுக்க வாயு. "போய் நடந்துவிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். அவரும் வராண்டாவில் நடப்பார், அரை மணி நேரம் கழித்து மறுபடி படுப்பார், மறுபடி அதே வாயு. நான்காம் நாள் அவருடைய மனைவியிடம் காலையில் என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு கைப்பிடி, முளைகட்டிய பயறு ஒரு கிண்ணம். உடம்பில் தெம்பு ஏறும் என்று யாரோ வீடியோவில் சொன்னதை நம்பி, அந்த அம்மா விடியற்காலையில் எழுந்து சிரத்தையாகச் செய்து கொடுத்திருக்கிறார். அதை நிறுத்தி இரண்டு இட்லி கொடுக்கச் சொன்னேன். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. இதைக் கேட்க மூன்று நாளாக ஒருவருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

ஆகவே இந்த நாட்களில் கொண்டைக்கடலை, மொச்சை, ராஜ்மா, முட்டைக்கோஸ், காலிபிளவர், சோடா வேண்டாம். சாப்பாட்டை மென்று நிதானமாகச் சாப்பிடச் சொல்லுங்கள். அவசரமாக விழுங்கும்போது காற்றும் சேர்ந்து உள்ளே போகும்.

வயிற்றால் போகும் வரைக்கும் கீரை, தோலோடு பழம், முழுப் பயறு, காரக் குழம்பு, வறுத்தது பொரித்தது ஆகியவற்றை ஒதுக்கி வையுங்கள். இட்லி, இடியாப்பம், குழைந்த சாதத்தில் தெளிவான ரசம், மோர் சாதம், வேகவைத்த உருளைக்கிழங்கு, கேரட், வாழைப்பழம் போதும். பாசிப்பருப்பை நன்றாகக் குழைய வேகவைத்து, பெருங்காயம் போட்டு, கொஞ்சமாகக் கொடுக்கலாம். முட்டையை நிறுத்தச் சொன்னது யார்? அவித்த முட்டை தினமும் இரண்டு கொடுங்கள், 12 கிராம் புரதம் கிடைக்கும். மீனை எண்ணெயில் பொரிக்காமல் குழம்பாகவோ ஆவியில் வேகவைத்தோ கொடுக்கலாம். மெஸ்ஸில் சாப்பிடுகிறீர்கள் என்றால் சாம்பாரை விட்டு ரசத்துக்கும் மோருக்கும் போய்விடுங்கள். பால் குடித்தால் வயிறு உப்புகிறது, பேதி கூடுகிறது என்றால் மட்டும் பாலை நிறுத்துங்கள். தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். வயிறு சரியானதும் கீரை, காய் எல்லாம் பழையபடி சாப்பிட வேண்டும். வயிற்றால் போகாதவர் முதல் நாளிலிருந்தே நார்ச்சத்தை ஒதுக்க வேண்டிய அவசியமே இல்லை.

மருத்துவமனையில் கையில் கொடுக்கும் தாளில் ஓட்ஸ், பிராக்கோலி, கிராக்கர்ஸ் என்று ஆங்கிலத்தில் இருக்கும். மன்னார்குடியிலிருந்து வந்த 69 வயதுக்காரருக்கு அதனால் என்ன பயன்? இட்லி, ரசம் என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடிக்க எத்தனை வருடம் வேண்டும்?

எரிகிறது என்பதற்காகத் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். சிறுநீர் அடர்த்தியானால் எரிச்சல் கூடும். பகலில் நன்றாகக் குடிக்கட்டும், மாலை 6 மணிக்கு மேல் குறைக்கட்டும். காபி காலையில் ஒரு டம்ளரோடு நிற்கட்டும். டீயும் அப்படித்தான். ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்து கிருமித்தொற்று இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் நீங்களாக ஒரு சிரப் வாங்கிக் கொடுத்து நாளைக் கடத்த வேண்டாம். சிறுநீர் தடையில்லாமல் போக மாத்திரை உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

சிகிச்சைக்கு முன் சிறுநீர்ப்பையை நிரப்புவதிலும் ஒரு கொடுமை நடக்கிறது. 11 மணிக்கு வரச் சொல்வார்கள். இவரும் 10.30க்கே அரை லிட்டர் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். மெஷின் கோளாறு, அவசரக் கேஸ் என்று மதியம் 1 மணிக்குக் கூப்பிடுவார்கள். ஏற்கெனவே புண்ணாகியிருக்கும் பையோடு எழுபது வயதுக்காரர் எப்படி அடக்குவார்? வெட்கப்படாமல் உள்ளே போய், "இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள், இப்போது குடிக்கட்டுமா?" என்று டெக்னீஷியனிடம் கேட்டுவிட்டுப் பிறகு குடிக்கச் சொல்லுங்கள். எவ்வளவு குடிப்பது, எத்தனை நிமிடம் முன்னால் என்பதில் மட்டும் அவர்கள் சொன்ன அளவை மாற்றாதீர்கள்.

இப்போது அந்த வாசல் ஆசாமிக்கு வருகிறேன். கழுத்தில் ஒரு அட்டை தொங்கும், ஊட்டச்சத்து ஆலோசகர் என்பார். அவர் விற்கும் 400 கிராம் டப்பாவில் வேளைக்கு 30 கிராம், தினம் இரண்டு வேளை என்றால் ஒரு வாரம் ஓடும். இத்தகைய பவுடர்கள் பலவற்றில் முக்கியச் சரக்கே பால் பவுடர்தான். வயிற்றால் போகிறவருக்குப் பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்தால் என்ன ஆகும்? சர்க்கரை இல்லாதது என்று விற்பதில் சேர்க்கும் சில இனிப்புகளும் பேதியைக் கூட்டும். எடை வேகமாகக் குறைகிறது, சாப்பிடவே முடியவில்லை என்றால் உங்கள் மருத்துவரே எழுதிக் கொடுப்பார். மற்றபடி அந்தக் காசில் முட்டை வாங்குங்கள்.

முள் சீத்தா இலை மனிதர்களுக்குப் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. நித்தியகல்யாணி இலையை அரைத்துக் குடிப்பது அதைவிட மோசம். அந்தச் செடியிலிருந்து மருந்து எடுப்பது உண்மைதான். ஆனால் அது அளந்து ஊசியில் ஏற்றும் மருந்து, இலைச்சாறு விஷம். கடுக்காய், திரிபலா, நிலாவரை இவையெல்லாம் பேதியைத்தான் கூட்டும். விட்டமின் மாத்திரைகளும் நீங்களாக வாங்க வேண்டாம். விட்டமின் ஈ புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று அமெரிக்காவில் ஆரோக்கியமான ஆண்களிடம் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. அந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது என்று 2011இல் முடிவு வந்தது.

அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மேலே சொன்னதை அப்படியே பின்பற்ற வேண்டாம். காரணம் இரண்டு. மெட்ஃபார்மின் மாத்திரையே சிலருக்குப் பேதியைத் தரும். அண்மையில் அதன் அளவைக் கூட்டியிருந்தால், ரேடியேஷன் மேல் போடும் பழியில் பாதி அதற்குச் சேரலாம். இரண்டாவது, இதைவிட ஆபத்தானது. சாப்பாடு பாதியாகக் குறைந்திருக்கும், ஆனால் கிளிமெபிரைடு மாத்திரையோ இன்சுலினோ பழைய அளவிலேயே போய்க்கொண்டிருக்கும். விடியற்காலையில் வியர்த்து, கை நடுங்கி, சர்க்கரை 60க்குக் கீழே போன நிலையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மறுபக்கம், குழைந்த சாதமும் வாழைப்பழமும் சர்க்கரையை ஏற்றும். அதனால் ஒரே வேளையில் வயிறு முட்டக் கொடுக்காமல் ஐந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், சாதத்தோடு ஒரு முட்டை இருக்கட்டும், இந்த நாட்கள் முழுவதும் அறையிலேயே குளுக்கோமீட்டரில் சர்க்கரையைப் பாருங்கள். மாத்திரையின் அளவை நீங்களாக மாற்றாதீர்கள். ஆனால் "சாப்பாடு பாதியாகிவிட்டது" என்று சர்க்கரை மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். புற்றுநோய் மருத்துவர் அவரிடம் சொல்லியிருப்பார் என்று நம்பி இருக்காதீர்கள், சொல்லியிருக்க மாட்டார்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. சிறுநீர் அடியோடு நின்று அடிவயிறு வீங்குவது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீரில் ரத்தக்கட்டி, ஆறு முறைக்கு மேல் பேதியாகித் தலைசுற்றுவது. இதில் எது வந்தாலும் இரவானாலும் கிளம்பிவிடுங்கள். மற்றபடி பேதிக்கு மாத்திரை உண்டு. கேட்டு வாங்கி, ஓஆர்எஸ் கரைசலோடு கொடுங்கள். பேதி என்று சொல்லி ஒரு நாள் சிகிச்சையைக்கூட நீங்களாக விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, ஆறு மாதமோ இரண்டு வருடமோ கழித்து நடக்கக்கூடியது. மலத்தோடு ரத்தம் வரலாம். உடனே 'மூலம், பௌத்திரம், ஒரே நாளில் குணம்' என்று சுவரில் எழுதியிருக்கும் இடத்துக்கு அழைத்துப் போகாதீர்கள். கதிர் பட்ட மலக்குடலில் அறுத்தாலோ சுட்டாலோ, சதையை வெட்டிப் பரிசோதனைக்கு எடுத்தாலோ புண் ஆறாமல் துளை விழும் ஆபத்து உண்டு. முதலில் ரேடியேஷன் மருத்துவரிடம் போங்கள். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் எந்த மருத்துவரிடமும், அவர் கேட்காவிட்டாலும், "இவருக்குப் புராஸ்டேட்டில் கரண்ட் வைத்திருக்கிறது" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். டிஸ்சார்ஜ் தாளை இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை அப்பாவின் ஆதார் அட்டையோடு வையுங்கள்.