நீருக்குள் நிற்கும் மரத்தை அறுக்க முடியுமா?

கேள்வி: தேக்கடி ஏரியில் படகில் செல்லும்போது தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பட்டமரங்களைப் பார்க்கிறோம். நீருக்கடியிலேயே இயந்திர ரம்பத்தால் அறுத்து இவற்றை எடுக்க இயலாதா?
– வாசகர் ஒருவர், குமுளி.

பதில்: இயலும். 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டு நீர் தேங்கியபோது மூழ்கிய காட்டின் மிச்சமே அம்மரங்கள். ஆழத்தில் ஆக்சிஜன் குறைவு என்பதால் பூஞ்சையும் கரையானும் அண்டாமல் அடிமரம் நெடுங்காலம் உறுதியாக இருக்கும். நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில்தான், மாறி மாறி நனைந்தும் காய்ந்தும், மரம் உளுத்துப் போகிறது.

மூழ்கி வேலை செய்வோரின் ரம்பம் பெட்ரோலில் ஓடாது. எஞ்சினுக்குக் காற்று வேண்டுமல்லவா? படகிலுள்ள பம்பிலிருந்து குழாய் வழியே அழுத்தத்துடன் வரும் எண்ணெயோ காற்றோதான் அதன் சங்கிலியைச் சுழற்றுகிறது. கனடாவில் உருவான 'சாஃபிஷ்' என்னும் ஆளில்லா இயந்திரமோ, மேலிருந்து கேமரா வழியாகப் பார்த்து இயக்கப்பட்டு, மரத்தைக் கிடுக்கியால் பற்றி, காற்றுப்பையைப் பொருத்தி ஊதிய பிறகே அடியை அறுக்கிறது. நீரூறிக் கனத்த மரம் தானாக மேலே வராது என்பதே காரணம்.

ஆனால் தேக்கடி ஏரி பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அந்தப் பட்டமரங்களின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகு விரித்துக் காயவைப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவை கூடு கட்டுவதும் அங்கேதான். அம்மரங்களில் ஒன்றைக்கூட அறுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.