இன்டர்வியூவுக்கு ஏன் முகங்கொடுக்கிறீர்கள்?

கேள்வி (தலவாக்கலை வாசகி): சேர், பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியின் நேர்முகப் பரீட்சைக்குப் போய் வந்ததைப் பற்றி கொழும்பில் இருக்கும் அண்ணாவுக்கு இங்கிலிஷில் மெசேஜ் போட்டேன். "ஐ ஃபேஸ்ட் தி இன்டர்வியூ" என்று எழுதியதற்கு, "என்ன, சண்டைக்கா போனாய்?" என்று கேட்டுச் சிரிக்கிறார். எங்கள் டியூஷன் மாஸ்டரும் இப்படித்தான் சொல்லித் தந்தார். யார் சொல்வது சரி?

பதில்: அண்ணா சொல்வதுதான் சரி தங்கச்சி, ஆனால் அவர் சிரிக்கத் தேவையில்லை, கொழும்புக்குப் பஸ் ஏறும்வரை அவரும் இதைத்தான் எழுதியிருப்பார். நானும் எழுதியிருக்கிறேன், அதுவும் இங்கிலிஷ் படிப்பிக்கும் வேலைக்குப் போட்ட விண்ணப்பத்திலேயே.

இந்த 'ஃபேஸ்' எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பிழை உங்கள் இங்கிலிஷில் இல்லை, எங்கள் தமிழில் இருக்கிறது. தமிழ்நாட்டில் நேர்காணல் என்பார்கள், நேர்முகத் தேர்வு என்பார்கள். நாங்கள் இங்கே நேர்முகப் பரீட்சை என்கிறோம். பரீட்சை என்ற சொல் வந்ததுமே சாதாரண தரம், உயர்தரம், மேற்பார்வையாளர், மணி அடிப்பது எல்லாம் கூடவே வந்துவிடுகிறது, பிறகு அதற்கு 'முகங்கொடுக்க' வேண்டியதுதான். சிங்களத்திலும் இதே கதை: சம்முக பரீக்‌ஷணய, அதற்கு முஹுண தெனவா. இரண்டு மொழியும் இரண்டு பக்கத்தில் நின்று தள்ளினால் இங்கிலிஷ் என்ன செய்யும்? 'ஃபேஸ்' இலங்கை இங்கிலிஷில் ஊறிப்போய்விட்டது, ஹட்டனில் எழுதினாலும் கண்டியில் எழுதினாலும் எல்லோருக்கும் விளங்கும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் வாசிக்கும்போதுதான் சிக்கல். அவர்களுடைய இங்கிலிஷில் ஒரு பிரச்சினையை ஃபேஸ் பண்ணலாம், நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை ஃபேஸ் பண்ணலாம், எதிரியை ஃபேஸ் பண்ணலாம். ஆகவே உங்கள் வசனம் அவர் காதில், யாரோ உங்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உள்ளே தள்ளியது மாதிரி விழும். (மேசைக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர், இந்தப் பக்கம் மடியில் ஃபைலோடு நீங்கள் தனியாக. உண்மையில் அப்படித்தான் இருந்தது என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.)

'இன்டர்வியூ' என்ற சொல்லுக்கோ பரீட்சையோடு ஒரு சம்பந்தமும் கிடையாது. பிரெஞ்சு மொழியிலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலிஷுக்கு வந்தது, அடியில் இருக்கும் பொருள் ஒருவரையொருவர் பார்ப்பது, அவ்வளவுதான். அந்த வகையில் நேர்காணல் என்ற சொல் மூலத்துக்கு எங்களுடையதைவிட நெருக்கம். சந்திப்பு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பொருத்தமான வினைச்சொல் தானாக வரும். சாதாரணமாக எழுதினால் "ஐ ஹேட் அன் இன்டர்வியூ", "ஐ வென்ட் ஃபோர் அன் இன்டர்வியூ". கடிதத்தில் கொஞ்சம் மரியாதையாக வேண்டுமென்றால் "ஐ அட்டெண்டட் அன் இன்டர்வியூ". கூப்பிட்டவர்கள் பக்கத்திலிருந்து எழுதினால் அவர்கள் அதை 'ஹெல்ட்' அல்லது 'கண்டக்டட்'.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இந்திய டிவி பார்த்துப் பார்த்து "ஐ கேவ் அன் இன்டர்வியூ" என்று எழுதும் பழக்கம் இப்போது இங்கேயும் வருகிறது. அங்கே வேலைக்குப் போனவர் அப்படிச் சொல்வது வழக்கம்தான், ஆனால் மற்ற இடங்களில் 'கிவ்' என்றால் பத்திரிகைக்குப் பேட்டி கொடுப்பது. பேட்டி, நேர்முகப் பரீட்சை என்று நாங்கள் இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதை இங்கிலிஷ் ஒரே சொல்லில் போட்டு வைத்திருக்கிறது, அந்த வித்தியாசத்தைக் காட்டுவது பக்கத்தில் நிற்கும் வினைச்சொல்தான். நேர்முகப் பரீட்சைக்குப் போன நீங்கள் 'கேவ்' என்று எழுதினால் நடிகை ஆகிவிடுவீர்கள்.

கேள்வி (பண்டாரவளை வாசகர்): "ஐ பாஸ்ட் தி இன்டர்வியூ" என்று எழுதலாமா?

பதில்: எழுதலாம், பேச்சில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் எங்கள் அரசாங்க வேலைகளில் ஒரு விஷயம் இருக்கிறது. வர்த்தமானி அறிவித்தலை நன்றாக வாசித்தால் பொது நேர்முகப் பரீட்சை என்று ஒன்று இருக்கும், கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை என்று இன்னொன்று இருக்கும். முதலாவதில் புள்ளியே கிடையாது, சான்றிதழ்களையும் தகைமைகளையும் சரிபார்ப்பதோடு சரி. இரண்டாவதில்தான் புள்ளித் திட்டம் வருகிறது. புள்ளியே போடாத ஒன்றில் நீங்கள் எப்படி 'பாஸ்' ஆவீர்கள்? "ஐ வோஸ் செலக்டட் ஆஃப்டர் தி இன்டர்வியூ" என்று எழுதினால் இரண்டுக்கும் பொருந்தும். தெரிவான பிறகு எழுதுங்கள், முன்னாலேயே எழுதிவிட வேண்டாம்.

கேள்வி (மஸ்கெலியா வாசகர்): இன்டர்வியூ கடிதம் தோட்டத்து ஆபீசில் கிடந்து, திகதி முடிந்து நாலு நாள் கழித்துத்தான் என் கைக்கு வந்தது. வேறு திகதி கேட்டு எழுத வேண்டும். "ஐ லாஸ்ட் மை இன்டர்வியூ" என்று தொடங்கலாமா?

பதில்: தம்பி, வாசித்ததும் வயிறு எரிந்தது. லயத்துக்கென்று தனி விலாசம் இல்லாமல், எல்லார் கடிதமும் ஆபீசுக்கு வந்து அங்கிருந்து யார் கையிலாவது ஏறி இறங்கி வரும் இந்த வழக்கத்தால் எத்தனை பிள்ளைகளுக்கு வேலை போயிருக்கிறது என்று யார் கணக்குப் பார்த்தார்கள்?

சரி, கடிதத்துக்கு வருவோம். 'லாஸ்ட்' வேண்டாம். குடையைத் தொலைத்தால் லாஸ்ட். போக முடியாமல் போனதற்கு 'மிஸ்ட்' சொல்லலாம், ஆனால் அதில் நீங்கள் தூங்கிவிட்டீர்களோ என்ற சந்தேகம் ஒளிந்திருக்கிறது. "ஐ வோஸ் அனேபிள் டு அட்டெண்ட் தி இன்டர்வியூ" என்று தொடங்குங்கள். உடனே எந்தப் பதவி, எந்தத் திகதி: பதவிக்கு 'ஃபோர்', திகதிக்கு 'ஓன்', இடத்துக்கு 'அட்'. அடுத்த வசனத்தில் காரணம்: "தி லெட்டர் ரீச்ட் மீ ஒன்லி ஓன்" என்று எழுதி, கையில் கிடைத்த திகதியைப் போடுங்கள். இங்கே 'ஒன்லி' என்ற ஒரு சொல் போதும், தோட்டத்து நிர்வாகத்தைத் திட்டி ஒரு பந்தி எழுத வேண்டாம், வாசிக்கப் போகிறவருக்கு அது தேவையில்லாத கதை. தபால் முத்திரை தெரிகிற மாதிரி கடித உறையைப் போட்டோ கொப்பி எடுத்து இணையுங்கள், முடிந்தால் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதமும் வாங்குங்கள். கடைசியில்தான் கேட்பது: "ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் கிவ் மீ அனதர் டேட்." அதற்குப் பிறகு கெஞ்ச வேண்டாம்.

அப்புறம், கடிதம் அனுப்பிய அன்றே போனும் எடுங்கள்.

கேள்வி (நுவரெலியா வாசகி): 'எ இன்டர்வியூ' சரியா, 'அன் இன்டர்வியூ' சரியா? சில கடிதங்களில் இரண்டும் இல்லாமல் "கோல்ட் ஃபோர் இன்டர்வியூ" என்றே வருகிறதே?

பதில்: 'அன்'. இகரச் சத்தத்தில் தொடங்குகிற சொல்லுக்கு முன்னால் எப்போதும் அதுதான். ஒன்றுமே போடாமல் எழுதுவது பிரித்தானிய ஆபீஸ் நடை, கந்தோர்க் கடிதங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது, பிழையில்லை. நீங்கள் எழுதும்போது 'அன்' போட்டே எழுதுங்கள்.

கேள்வி (ஹட்டன் வாசகர்): 'கேன்டிடேட்' என்ற சொல்லுக்குத் தமிழ் என்ன? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: ஆளுக்கொன்று இல்லை, இடத்துக்கொன்று. பரீட்சை மண்டபத்தில் பரீட்சார்த்தி, தேர்தலில் வேட்பாளர் (வயதானவர்கள் இன்னும் அபேட்சகர் என்பார்கள்), வேலைக்கு மனுப் போட்டிருந்தால் விண்ணப்பதாரி. அதனால் நேர்முகப் பரீட்சைக்குப் போகிற தம்பியை வேட்பாளர் என்று எழுதிவிடாதீர்கள், மாலை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

இந்தச் சொல்லின் பிறப்பும் வேடிக்கையானதுதான். பழைய ரோமாபுரியில் பதவி கேட்டு மக்கள் முன்னால் போகிறவர்கள் சுண்ணப்பொடி பூசி வெளுப்பாக்கிய அங்கியைப் போட்டுக்கொண்டு போவார்களாம், லத்தீனில் வெண்மைக்குரிய சொல்லிலிருந்து 'வெள்ளை உடுத்தவர்' என்று பெயர் வந்தது. பக்கத்து லயத்து அண்ணனிடம் வெள்ளைச் சட்டை இரவல் வாங்கி, முதல் நாள் ராத்திரியே அயர்ன் பண்ணி ஆணியில் தொங்கவிடுகிற எங்கள் பிள்ளைகள், சுண்ணாம்பு ஒன்றுதான் பூசவில்லை.