டெல்டான்னா கதவு! (வாசகர் கேள்வி பதில்)

இந்த தடவை வந்த கேள்விகள்ல ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வந்துச்சு. சரி, இந்த இதழ் முழுக்க அதையே பேசிடலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

கேள்வி: சார், என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. ஜியாகரஃபில டெல்டா, கணக்குல டெல்டா, கொரோனாலயும் டெல்டா, இதுக்கு உண்மையில என்னதான்பா அர்த்தம்னு கேட்டா. கிரேக்க எழுத்துமான்னு சொல்லி சமாளிச்சேன். அந்த எழுத்துக்கு ஏன் அந்தப் பேருன்னு அடுத்த கேள்வி போட்டுட்டா. காப்பாத்துங்க.

பதில்: உங்க பொண்ணு கேட்டதுதான் சரியான கேள்வி. விசேஷம் என்னன்னா கிரேக்க மொழியில டெல்டாவுக்குன்னு தனியா அர்த்தமே கிடையாது, அது எழுத்தோட பேரு, அவ்ளோதான். அர்த்தம் வேணும்னா கடலைத் தாண்டி இன்னிக்கு லெபனான் இருக்கிற கரைக்குப் போகணும். அங்க இருந்த ஃபினீஷியர்கள் பெரிய கடல் வியாபாரிங்க. அவங்க கிட்டருந்துதான் கி.மு. 8ஆம் நூற்றாண்டு வாக்குல கிரேக்கர்கள் எழுத்தை வாங்கினாங்க. ஃபினீஷிய வரிசையில நாலாவது எழுத்துக்குப் பேரு 'தாலெத்'. தாலெத்னா கதவு. ஹீப்ரூல இன்னிக்கும் கதவுக்கு 'தெலெத்'துதான். முதல் எழுத்து 'ஆலெஃப்'னா மாடு, ரெண்டாவது 'பேத்'னா வீடு.

நம்ம பசங்க படிக்கிற அரிச்சுவடியில 'அ'னாவுக்குப் பக்கத்துல அணில் படம் போட்டிருக்கும்ல, அதுல எழுத்தோட பேரே 'அணில்'னு வெச்சா எப்படி இருக்கும், அந்த மாதிரிதான் இதுவும். பேரோட முதல் சத்தம் என்னவோ அதுதான் எழுத்தோட சத்தம். கிரேக்கர்கள் பேரை வாங்கினாங்க, சத்தத்தை வாங்கினாங்க, அர்த்தத்தை அந்தக் கரையிலயே விட்டுட்டு வந்துட்டாங்க.

சரி, தாலெத் எப்படி டெல்டா ஆச்சு? இது நமக்கு ரொம்ப சுலபமா புரியும். கிரேக்க சொற்கள் பெரும்பாலும் உயிர்ல முடியும், இல்லன்னா ன், ர், ஸ் மாதிரி ஒண்ணு ரெண்டு மெய்யில முடியும், மத்த மெய்யில முடிஞ்சா அவங்க வாய்க்கு வராது. அதனால கடைசியில ஒரு 'ஆ' சேர்த்தாங்க. ஆலெஃப் ஆல்ஃபா ஆச்சு, பேத் பீட்டா ஆச்சு, தாலெத் டெல்டா ஆச்சு. நாம பேங்க்கை பேங்குன்னும் பஸ்ஸை பஸ்ஸுன்னும் சொல்றோமே, அதே கதைதான். நாம 'உ' போடுறோம், அவங்க 'ஆ' போட்டாங்க.

பொண்ணு அடுத்து என்ன கேப்பான்னும் தெரியும். கதவுன்னா செவ்வகமா இல்ல இருக்கும், டெல்டா ஏன் முக்கோணம்? ஃபினீஷியர்கள் எழுதும்போதே அது முக்கோணம்தான். கூடாரத்து வாசல்ல தொங்குற துணியைப் பாத்து வரைஞ்சதுன்னு ஒரு விளக்கம் எல்லா இடத்துலயும் சுத்துது, கேக்க நல்லா இருக்கு, ஆனா அதை சத்தியமா எடுத்துக்காதீங்க. ஆரம்பத்துல அது கதவே இல்ல, மீன் படம், ஏன்னா அந்த மொழிக் குடும்பத்துல மீனுக்கு 'தாக்'னு பேரு, அதுவும் அதே சத்தத்துலதான் ஆரம்பிக்குதுன்னு சொல்ற அறிஞர்களும் இருக்காங்க. பேரு கதவுங்கிறதுல பிரச்சனை இல்ல, படம் எதுங்கிறதுலதான் பஞ்சாயத்து.

கேள்வி: கிரீஸ்ல இருக்கிறவங்க இதை டெல்டான்னு சொல்றதே இல்லயாமே?

பதில்: ஆமா. இன்னிக்கு அவங்க வாயில அது கிட்டத்தட்ட 'தெல்தா'. அந்த முதல் 'தெ' நம்ம 'தெரு'வுல வர்ற தெ இல்ல, 'அது', 'இது'ல வர்ற மெத்துன்னு இருக்கிற த. பழைய காலத்துல வன்மையாத்தான் சொல்லியிருக்காங்க, பின்னாடி இளகிப் போச்சு. இங்கிலீஷ் வழியா நமக்கு வந்ததால நாம 'டெ'ல ஆரம்பிக்கிறோம். இதுல ஒரு வேடிக்கை, தமிழ் இலக்கணப்படி டகரம் சொல்லுக்கு முதல்ல வரவே கூடாது!

கேள்வி: ஆறு கடல்ல சேர்ற இடத்துக்கு எழுத்தோட பேரை வெச்சது யாரு?

பதில்: நைல் நதியைப் பாத்த கிரேக்கர்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டுல கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரடோட்டஸ் எகிப்தைப் பத்தி எழுதும்போதே இந்தப் பேரை சகஜமா போட்டுட்டுப் போறார், அதனால அவருக்கு முன்னாடியே புழக்கத்துல இருந்திருக்கணும். அவர் வெச்ச பேருன்னு சிலர் சொல்றது அவ்ளோ சரி இல்ல.

இங்க ஒரு சின்ன விஷயம் கவனிக்கணும். இன்னிக்கு மேப்ப எடுத்துப் பாத்தா நைல் டெல்டா தலைகீழா இருக்கும், கூர் முனை தெற்க கெய்ரோ பக்கத்துல, அகலமான அடிப்பக்கம் வடக்க கடலோரம். இது எப்படி டெல்டா மாதிரின்னு தோணும். ஆனா கிரேக்கர்கள் எங்கருந்து வர்றாங்க? வடக்கருந்து, கப்பல்ல. கடல்லருந்து நிலத்தைப் பாத்தா கிட்டக்க அகலம், தூரக்க கூர்முனை. எழுத்து நேரா நிக்கும்! வடக்கை மேல வெச்சே பாத்துப் பழகினதாலதான் நமக்கு அது கவுந்து தெரியுது. சைஸும் லேசுப்பட்டது இல்ல, தெற்கு வடக்கா சுமார் 160 கிலோமீட்டர், கடலோரமா சுமார் 240 கிலோமீட்டர்.

அப்புறம் அலெக்சாண்டர் படை சிந்து நதி வாய் வரைக்கும் வந்தப்ப, அங்கயும் ஆறு பிரியறதைப் பாத்து அதையும் நைல் டெல்டா மாதிரின்னு கிரேக்கர்கள் எழுதி வெச்சாங்க. அதாவது ஒரே ஒரு இடத்தோட பட்டப்பேரு மெல்ல மெல்ல பொதுப்பேரா மாறுது. இன்னிக்கு முக்கோணமே இல்லாட்டியும் டெல்டாதான். மிசிசிப்பி ஆத்து முகம் பறவைக் கால் மாதிரி விரல் விரலா நீட்டிக்கிட்டு இருக்கு, அதுவும் டெல்டா. போட்ஸ்வானால ஒகவாங்கோ ஆறு கடலுக்கே போறது இல்ல, நிலத்துக்குள்ளயே பரவி காஞ்சு போயிடுது, அதுவும் டெல்டா.

நம்ம மொழியில ஆறு கடல்ல கலக்குற இடத்துக்கு 'முகத்துவாரம்'னு ஒரு சொல் இருக்கே, அதுல வர்ற துவாரம் சமஸ்கிருதத்துலருந்து வந்தது, அங்க துவாரம்னா வாசல், கதவு. தாலெத்தும் கதவு! ரெண்டுக்கும் உறவு கிடையாது, அது வேற மொழிக் குடும்பம் இது வேற, முழுக்க தற்செயல்தான். இருந்தாலும் ஒருநாள் பூரா இதை நெனச்சு நானா சிரிச்சுக்கிட்டு இருந்தேன்.

கேள்வி: கணக்குல டெல்டா எக்ஸ்னா எக்ஸ்ல வர்ற மாற்றம்னு சொல்லித் தர்றாங்க. மாற்றத்துக்கும் முக்கோணத்துக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: ஒரு சம்பந்தமும் இல்ல. இங்க வேலை செய்யறது உருவம் இல்ல, முதலெழுத்து. வித்தியாசத்துக்கு லத்தீன்ல 'டிஃபரென்ஷியா', கிரேக்கத்துலயும் அதுக்கான சொல் டெல்டாலதான் ஆரம்பிக்குது. 1675ல ஜெர்மன் கணித மேதை லைப்னிட்ஸ் நுண்ணிய வித்தியாசத்துக்கு லத்தீன் 'டி'யை எடுத்துக்கிட்டார். 1755ல சுவிஸ் கணித மேதை ஆய்லர் எண்ணிப் பாக்கிற அளவுக்கு இருக்கிற வித்தியாசத்துக்கு பெரிய டெல்டாவைப் போட்டார். அந்த லத்தீன் டியே டெல்டாவோட வாரிசுதான், அதனால ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க.

நான் இதை இப்படித்தான் பாக்கிறேன்: கதவுங்கிற அர்த்தம் போனதுக்கு அப்புறம் அந்த எழுத்து கிட்ட மிஞ்சினது மூணே விஷயம். அதோட உருவம் முக்கோணம், அதோட இடம் நாலாவது, அதோட சத்தம். இன்னிக்கு எங்க டெல்டான்னு கேட்டாலும் இந்த மூணுல எந்த வழியா வந்ததுன்னு பாத்தீங்கன்னா முக்கால்வாசி புரிஞ்சிடும். தோள்பட்டைல 'டெல்டாய்டு' தசை, உருவம். கான்கார்டு விமானத்தோட டெல்டா இறக்கை, உருவம். வானத்துல முக்கோண நட்சத்திரக் கூட்டத்தை கிரேக்கர்கள் 'டெல்டோட்டான்'னு கூப்பிட்டது, அதுவும் உருவம். கம்ப்யூட்டர்ல முழு ஃபைலையும் திரும்ப அனுப்பாம மாறின பகுதியை மட்டும் அனுப்பறதுக்கு டெல்டா அப்டேட்டுன்னு பேரு, அது கணக்கு வழியா வந்தது, சத்தம். ஷேர் மார்க்கெட் ஆப்ஷன்ல, ஷேர் விலை மாறினா ஆப்ஷன் விலை எவ்ளோ மாறும்னு டெல்டான்னு அளக்கிறதும் அதே ரகம்.

கிரேக்கர்களே இதுல குழப்பி இருக்காங்க. ஒரு பழைய எண்முறையில டெல்டான்னா 10, ஏன்னா பத்துக்கு அவங்க சொல் 'டெக்கா', முதலெழுத்து டெல்டா. பின்னாடி வந்த இன்னொரு முறையில அதே டெல்டான்னா 4, ஏன்னா வரிசையில நாலாவது. எழுத்தே எண்ணா வர்றது நமக்கும் புதுசு இல்ல, 'எட்டேகால் லட்சணமே'ன்னு திட்டுனா எட்டுக்கு அ, காலுக்கு வ போட்டு 'அவலட்சணமே'ன்னு படிச்ச கூட்டம்தானே நாம.

கேள்வி: அண்ணே, நான் எலக்ட்ரீஷியன். தினமும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் மாட்டுறேன். அந்த டெல்டாவும் இதுதானா?

பதில்: அதேதான் தம்பி, உருவம் வழியா வந்தது. மோட்டாருக்குள்ள இருக்கிற மூணு வைண்டிங்கையும் (கம்பிச் சுருள்) நுனிக்கு நுனி சேர்த்து வளையமா கட்டினா படத்துல முக்கோணம் வரும், டெல்டா. மூணோட ஒரு நுனியை ஒரே புள்ளியில சேர்த்தா மூணு காலு விரிச்ச மாதிரி வரும், ஸ்டார். நீங்க தெனம் செய்யறதைத்தான் மத்த வாசகர்களுக்காக சொல்றேன், மோட்டாரை நேரா டெல்டால ஆன் பண்ணா ஆரம்பத்துல கரண்ட் எக்கச்சக்கமா இழுக்கும், அதனால முதல்ல ஸ்டார்ல ஓட விட்டு ஒவ்வொரு வைண்டிங்குக்கும் லைன் வோல்டேஜ்ல சுமார் 58 சதவீதம் மட்டும் போற மாதிரி பண்றாங்க, லைன் கரண்ட் மூணுல ஒரு பங்காயிடும், மோட்டாரைச் சுத்த வைக்கிற டார்க்கும் (சுழற்று விசை) அதே மூணுல ஒரு பங்குதான், அதனால ஓரளவு வேகம் பிடிச்சதும் டெல்டாவுக்கு மாத்திடறாங்க. ஃபினீஷியக்காரன் கதவு உங்க பேனல் போர்டு வரைக்கும் வந்துடுச்சு பாருங்க.

கேள்வி: கொரோனா டெல்டாவுக்கு எது வழி?

பதில்: வரிசை. 2021 மே 31ல உலக சுகாதார நிறுவனம் கிரேக்க எழுத்து வரிசைப்படி பேரு வெக்க ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடி பி.1.617.2ன்னு வாயில நுழையாத பேரு, இல்லன்னா முதல்ல கண்டுபிடிச்ச நாட்டோட பேரைச் சொல்லி அந்த நாட்டுக்காரங்களை அசிங்கப்படுத்தறது. ஆல்ஃபா, பீட்டா, காமா முடிஞ்சு நாலாவதா வந்தது டெல்டா. அதே வருஷம் நவம்பர்ல ஒமிக்ரானுக்குப் பேரு வெக்கும்போது நடுவுல ரெண்டு எழுத்தைத் தாண்டினாங்க, ஒண்ணு 'நியூ'ன்னு சொன்னா புதுசுன்னு அர்த்தம் வந்துடும், இன்னொண்ணு இங்கிலீஷ்ல Xiன்னு எழுதற எழுத்து, அது சீனால நிறைய பேருக்கு இருக்கிற குடும்பப் பேரு. தடுப்பூசியை எந்தத் தசையில போட்டாங்க? டெல்டாய்டுல. வரிசைக்கு உருவம் மருந்து!

கேள்வி: டெல்டா ஏர்லைன்ஸ்? இறக்கை முக்கோணம்கிறதாலயா?

பதில்: இல்ல. அது அமெரிக்காவோட மிசிசிப்பி டெல்டாங்கிற பகுதியோட பேரு. 1925ல பருத்தி வயலுக்கு மேல பூச்சி மருந்து தூவுற கம்பெனியா வேற பேர்ல ஆரம்பிச்சு, 1928ல டெல்டா ஆச்சு. வேடிக்கை என்னன்னா அந்த மிசிசிப்பி டெல்டா ஆறு கடல்ல கலக்கிற இடமே இல்ல! கடலுக்கு ரொம்ப தூரம் உள்ள தள்ளி, மிசிசிப்பிக்கும் யாசூ ஆத்துக்கும் நடுவுல இருக்கிற வண்டல் சமவெளி. டெல்டா ப்ளூஸ் இசையும் அங்கருந்து வந்ததுதான். எழுத்துலருந்து நைலுக்கு, நைல்லருந்து எல்லா ஆத்துக்கும், அங்கருந்து ஆத்து முகமே இல்லாத இடத்துக்கு, அங்கருந்து விமானத்துக்கு. இப்படி கை மாறிக்கிட்டே போனா என் மூணு வழி கணக்கு கொஞ்சம் உதைக்கும், ஒத்துக்கிறேன்.

கேள்வி: இன்ஜினியரிங்ல டெல்டாவைக் கவுத்துப் போட்டு ஒரு குறி வருதே சார், அதுக்கும் கதவுதான் அர்த்தமா?

பதில்: அதுக்குப் பேரு 'நாப்லா', 19ஆம் நூற்றாண்டுல ஐரிஷ் கணித மேதை ஹாமில்டன் கொண்டு வந்த குறி. கவுந்த டெல்டாங்கிறதால டெல்டாவோட இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கைத் திருப்பிப் போட்டு 'அட்லெட்'னுகூட கூப்பிட்டுப் பாத்தாங்க, நிக்கல. டெய்ட்டுங்கிற ஸ்காட்லாந்து விஞ்ஞானிக்கு அவரோட நண்பர் வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித் ஒரு யோசனை சொன்னார், இது பாக்க பழைய அசீரிய யாழ் மாதிரி இருக்கு, நாப்லான்னு வைங்கன்னு. இயற்பியல் விஞ்ஞானி மேக்ஸ்வெல் இதை வெச்சு டெய்ட்டை லெட்டர்ல கிண்டல் அடிச்சிருக்கார். கிரேக்கத்துல நாப்லான்னா ஒரு வகை யாழ், ஆனா அந்தச் சொல்லும் கிரேக்கர்களோட சொந்தச் சொல் இல்ல, ஹீப்ரூல 'நேவெல்'னு இருக்கிற யாழ்தான், அதே கடல்கரைப் பக்கத்துலருந்து வந்தது. நேரா வெச்சா கதவு, கவுத்துப் போட்டா யாழ், ரெண்டுமே இரவல்.